மாத்திரை இனிக்குதுன்னாரு

உக்காருங்கண்ணே, அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. அங்க ஃபேன் காத்து வராது, இப்படித் தள்ளி வாங்க. முதலாளி சாப்பிடப் போயிருக்காரு, நாலு மணிக்கு மேலதான் வருவாரு. மத்தியானத்துல இந்தக் கடைக்கு ஈ காக்கா வராது, நிம்மதியாப் பேசலாம்.

என்ன கேட்டீங்க? ஜெகநாதன்னு ஒரு பையன், இந்த ரோட்டு வளைவுல டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருக்கான், ஆளு எப்படி, குடி கிடி உண்டான்னு கேட்டீங்க. டீக்கடைக்காரருதான் இங்க அனுப்பிச்சாரா? "மெடிக்கல்ல தமயந்தியம்மாகிட்ட கேளுங்க, துறையூர்ல அவங்களுக்குத் தெரியாத ஆளு இல்ல"ன்னு சொன்னாரா? குசும்பு புடிச்ச மனுசன். தெரிஞ்சேதான் அனுப்பியிருக்காரு. ஜாதகத்தோட குடுத்த தாள்ல, 'அக்கா ஒருவர், திருமணமானவர்'னு போட்டிருந்திருக்கும். அது நான்தான். நான் ஜெகநாதனோட கூடப்பொறந்த அக்கா.

எந்திரிக்காதீங்க. அக்காகிட்ட கேட்டா என்ன உண்மை வரும்னு நினைக்கிறீங்க, மூஞ்சியிலயே தெரியுது. எல்லா அக்காளும் அப்படித்தான் சொல்லுவா, தங்கமான புள்ள, வாயில வெரல வச்சாக் கடிக்கத் தெரியாதுன்னு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வந்திருந்தீங்கன்னா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். காப்பி வாங்கிக் குடுத்து, கையோட தேதியும் குறிக்கச் சொல்லியிருப்பேன். பொண்ணு உங்களுக்கு என்ன ஆகணும்? அக்கா மகளா? பேரு? இலக்கியாவா. நல்ல பேரு. அப்பா இல்லையா? அப்ப தாய்மாமன் நீங்கதான் முன்னாடி நிக்கணும். அப்பன்னா முழுசாக் கேட்டுட்டுத்தான் போகணும். பெரம்பலூர் பஸ்ஸு அரை மணிக்கு ஒண்ணு இருக்கு.

இந்தக் கவுண்டருக்குப் பின்னாடி நான் இருபத்தாறு வருசமா நிக்கிறேண்ணே. டாக்டர் எப்படிக் கிறுக்கியிருந்தாலும் படிச்சிருவேன். மாத்திரைய அட்டையிலேருந்து பிச்சு உள்ளங்கையில வச்சாப் போதும், கண்ணு கூட வேணாம், வெரலாலயே தடவிப் பாத்து இன்ன மாத்திரைன்னு சொல்லிருவேன். முதலாளியே பந்தயம் கட்டித் தோத்திருக்காரு.

போதைக்கு மாத்திரை கேட்டு வர்றவனையும் அப்படித்தான். படி ஏறுறப்பவே தெரிஞ்சிரும். மாத்திரையக் கரைச்சு ஊசி போட்ட தடம் தெரியக் கூடாதுன்னு சித்திரை வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டிருப்பான். கடையில ஆளு இருந்தா ஓரமா நின்னு அலமாரியப் பாத்துக்கிட்டே இருப்பான், எல்லாரும் போற வரைக்கும். மூக்கையும் கன்னத்தையும் சொறிஞ்சுக்கிட்டே இருப்பான். மாத்திரை பேரச் சொல்லிக் கேக்க மாட்டான். "அக்கா, பட்டன் இருக்கா"ம்பான். இப்ப பட்டன். அதுக்கு முந்தி சாக்பீஸுன்னானுங்க. அதுக்கும் முந்தி வெள்ளைச்சாமி. நமக்குப் புரியக் கூடாதுன்னு பேர மாத்திக்கிட்டே இருப்பானுங்க. எனக்கா புரியாது? "பட்டன் வேணும்னா டைலர் கடைக்குப் போடா"ன்னு தொரத்தி விட்டுருவேன்.

ஒரு தடவ போலீஸ்காரங்க மகளிர் குழுவுக்கெல்லாம் கூட்டம் போட்டாங்க. வீட்டுப் பிள்ளைங்க போதைக்குப் போயிருந்தா எப்படிக் கண்டுபுடிக்கிறதுன்னு பேச ஆளு வேணும்னு என்னையத்தான் கூப்பிட்டாங்க. மைக்கப் புடிச்சு முக்கா மணி நேரம் பேசினேன். மொத மொத வர்ற மாத்தத்தக் கவனிங்க, பேச்சக் கவனிங்க, பாசம் கண்ண மறைக்கும், விட்டுராதீங்கன்னேன். கைதட்டுன கைதட்டுல மண்டபமே அதிர்ந்துச்சு. ஜெகாதான் வண்டியில கூட்டிட்டுப் போனான். மொத வரிசையில உக்காந்து போட்டோ எடுத்தான். அந்தப் போட்டோ இன்னும் வீட்டுல மாட்டியிருக்கு.

ஒரு நிமிசம்ணே. என்னம்மா? பல்லா? வீங்கியிருக்கே. சீட்டெல்லாம் வேணாம், எனக்குத் தெரியாதா. இந்தா, இது காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வலி நிக்கலைன்னா இந்தச் சின்னதையும் சேத்துப் போட்டுக்க. போயிட்டு வா.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஜெகா. அப்பா போனப்ப அவனுக்கு ஒம்பது வயசு, எனக்கு இருபத்தி ரெண்டு. அம்மா அதுக்கு முன்னாடியே போயிருச்சு. கல்யாணமாகி வந்தப்ப பாத்திரம் பண்டத்தோட தம்பியையும் கூட்டிட்டு வந்தவ நான். எங்க வீட்டுக்காரரு மின்சார வாரியத்துல லைன்மேன். ஒரு வார்த்தை கேக்கல அந்த மனுசன். மொத நாளே அவனுக்கு ஒரு பாயும் தலையாணியும் வாங்கிட்டு வந்து கூடத்துல போட்டாரு. எங்களுக்குக் கொழந்த இல்ல. அவன்தான் கொழந்தை. அவனுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்தது அவரு, கடை வச்சுக் குடுத்ததும் அவரு. மாமா மாமான்னு அவரு பின்னாடியே திரிவான்.

நாலு வருசத்துக்கு முன்னாடி பச்சமலை ரோட்டுல பைக்கோட விழுந்தான். முதுகெலும்பு ஒண்ணு நசுங்கிருச்சு. டாக்டர் பத்து நாளைக்கு வலி மாத்திரை எழுதினாரு. பத்து நாள்ல முதுகு நேராயிருமா? அதுக்கப்புறம் நான்தான் பாத்துக்கிட்டேன், இந்தா, இந்த மூணாவது தட்டுலேருந்து. வலிக்குதுக்கான்னு வந்து நிப்பான். கூடப்பொறந்தவ பாத்துக்கிட்டு நிக்க முடியுமா? ஒரு அஞ்சு மாசம் குடுத்தேன். அப்புறம் மருந்து இன்ஸ்பெக்டரு வந்து, அந்த மாத்திரைக்கெல்லாம் தனி நோட்டு போடணும்னுட்டாரு. முதலாளி பயந்துட்டாரு, நானும் நிறுத்திட்டேன். அத விடுங்க, அது வேற கத. அது டாக்டர் எழுதின மாத்திரைதானே. நான் சொல்ல வந்தது அதில்ல.

நிறுத்தின வாரம் அவனுக்கு ஒடம்பு சரியில்லாமப் போச்சு. காய்ச்சலும் இல்ல. ஓயாமக் கொட்டாவி விடுறான், மூக்கு ஒழுகுது, கையில மயிரெல்லாம் குத்திட்டு நிக்குது, வயித்தால வேற. அப்ப ஊரு பூரா வைரஸ் காய்ச்சல். நானே ஒரு செட்டு மாத்திரை கட்டிக் குடுத்தேன். ஆறாம் நாளு குளிச்சுத் திருநீறு பூசி ஜம்முனு வந்து நின்னான். என் கை ராசின்னு நெனைச்சுக்கிட்டேன். ஆறாம் நாளு வேற எங்கயோ சரக்கு கெடச்சிருச்சுங்கிறது இப்பதான தெரியுது.

அடுத்த வருசம் எங்க வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி. மின்கம்பம் ஏறி ஏறி வந்த வலின்னு நெனைச்சோம். பாத்தா புத்துநோய், எலும்புக்குப் போயிருச்சு. திருச்சி ஆஸ்பத்திரியில ஒரு பெரிய டாக்டரம்மா, கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க, "இனி நோய்க்கு வைத்தியம் இல்லம்மா, வலிக்கு இருக்கு. வலி இல்லாம வச்சுக்க முடியும், அதுக்கு நான் பொறுப்பு"ன்னு. மார்பின் மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. அது நம்ம கடையில எல்லாம் வராது. அங்கதான் குடுப்பாங்க, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ. நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு. போட்ட மொத வாரம் மனுசன் எந்திரிச்சு உக்காந்து தோசை சாப்பிட்டாரு. கசப்பு தாங்கலடி, வெல்லம் குடுன்னு கேட்டாரு. எனக்கு உசுரே திரும்பி வந்துச்சு.

நான் கடைக்கு வந்தாகணும். பகல்ல பாத்துக்க ஏஜென்சி மூலமா லூர்துமேரின்னு ஒருத்தி வந்தா. புள்ளம்பாடிக்காரி. நாப்பது வயசு இருக்கும், அதிகம் பேச மாட்டா. ஜெகா தன் கடைய மத்தியானத்துக்கு மேல சாத்திட்டு வந்து மாமா பக்கத்துலயே உக்காந்திருப்பான். திருச்சிக்குப் போயி மாத்திரை வாங்கிட்டு வர்றது அவன்தான். கிழமை போட்ட டப்பா இருக்குல்ல, அதுல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மாத்திரைய அட்டையிலேருந்து பிச்சு நெரப்பி வைக்கிறதும் அவன்தான். நாள் பூரா கடையில மாத்திரை எண்ணுறவ வீட்டுக்கு வந்தும் எண்ணணுமான்னு நான் விட்டுட்டேன். தம்பி எண்ணுறான், பெறகென்ன?

அவனும்தான் சொறிஞ்சான், ஆமா. கழுத்து, மூக்கு, முழங்கை எல்லாம். நான் என்ன பண்ணினேன் தெரியுமா? சோப்ப மாத்தினேன். மலம் கழிக்க முடியலைக்கான்னான். நாலு நாளு, அஞ்சு நாளு போகாது. தெனமும் பப்பாளி வெட்டி வச்சேன், இசப்கோல் கலக்கிக் குடுத்தேன். சோறு தின்னுக்கிட்டே தட்டுல தூங்கி விழுவான். மாமாவ நெனைச்சு அழுது அழுது தூக்கம் கெட்டுப் போச்சு புள்ளைக்குன்னு, வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லி நானும் அழுதேன். ஒரு நாளு போன்ல யார்கிட்டயோ, "பட்டன் பத்து வேணும்டா"ங்கிறான். நான் பக்கத்துல நிக்கிறேன். அவன் என்னையப் பாத்தான். நான் சிரிச்சேண்ணே. கடைக்கு வர்ற பசங்கள நான் வெரட்டுறத வச்சு என்னையக் கிண்டல் பண்றான்னு நெனைச்சு, வாய் விட்டுச் சிரிச்சேன். அவனும் சிரிச்சான்.

பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு வயித்தாலன்னு இந்தக் கடையிலயே வந்து ஜிங்க் மாத்திரை வாங்கினான். கொழந்தைங்களுக்குக் குடுக்கிறது, சின்னதா வெள்ளையா இருக்கும், புள்ளைங்க துப்பக் கூடாதுன்னு இனிப்பு சேத்திருப்பாங்க. பாக்குறதுக்கு மார்பின் மாதிரியேதான் இருக்கும். பத்து அட்டை. ஒரு புள்ளைக்கு எதுக்கு பத்து அட்டைன்னு வேற யாராயிருந்தாலும் கேட்டிருப்பேன். இந்தக் கையாலதான் எடுத்துக் குடுத்தேன்.

அப்புறம் எங்க வீட்டுக்காரருக்கு வலி கூடிப்போச்சு. ஒரு வேளை நல்லாருப்பாரு, அடுத்த வேளை துடிப்பாரு. பெட்ஷீட்டப் பல்லால கடிச்சுக்கிட்டுக் கெடப்பாரு. ஒரு நாளு என் கையப் புடிச்சு, "தமயந்தி, மாத்திரை இப்பல்லாம் கசக்கல. இனிக்குதுடி"ன்னாரு. "உங்க நாக்கு செத்துப்போச்சுங்க, நோய் அப்படித்தான் பண்ணும்"னு சொன்னேன். யாரு சொன்னா? வெரலால தடவி மாத்திரை பேரு சொல்றவ சொன்னா.

இன்னொரு நாளு, "உன் தம்பிய வெளிய போகச் சொல்லு, எனக்கு அவனப் பாக்கப் புடிக்கல"ன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "மூத்திரம் எடுத்துக் கொட்டுறவனையா வெளிய போகச் சொல்றீங்க, படுக்கையில கெடந்தாலும் நன்றி வேணாமா மனுசனுக்கு"ன்னு கேட்டேன். அப்படிக் கேட்டேண்ணே. அதுக்கப்புறம் அவரு அதப் பத்திப் பேசவே இல்ல. தெரிஞ்சு சொன்னாரா, வலியில சொன்னாரா, இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா என்கிட்ட பளிச்சுனு சொல்லியிருக்க வேணாமா? கட்டின பொண்டாட்டிகிட்ட சொல்றதுக்கு என்ன? அவரு மேலயும் எனக்கு வருத்தம் இருக்கு.

ஜெகாதான் மெல்ல ஆரம்பிச்சான். "அக்கா, மாமாவுக்கு மாத்திரை சரியாப் போகுதான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. நான் நெரப்பி வைக்கிறேன். எடுத்துக் குடுக்கிறது லூர்து. வெளி ஆளு"ன்னான். அவ்வளவுதான். எனக்குத் தலைக்கு ஏறிருச்சு. அன்னிக்கு சாயங்காலம் அவ கை கழுவப் போனப்ப அவ பையத் தொறந்தேன். ஒரு ஜெபமாலை, ஒரு டிபன் பாக்ஸ், ஓரத்துல காலண்டர் தாள்ல மடிச்ச ஒரு பொட்டலம். உள்ள ஒரே ஒரு வெள்ளை மாத்திரை.

அவ வந்து பாத்தா. பதறல. "அக்கா, அந்த மாத்திரையக் கொஞ்சம் பாருங்க. ஐயாவுக்கு டப்பாவுல இருந்ததுதான். டாக்டரம்மாகிட்ட காட்டணும்னுதான் எடுத்து வச்சேன். உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு. ஒரு தடவ பாருங்க"ன்னா. நான் பாத்தேனா? பாக்கல. பொட்டலத்தக் கையில இறுக்கிப் புடிச்சுக்கிட்டு தெருவே கூடுற மாதிரி கத்தினேன். சாகக் கெடக்கிறவன் மாத்திரையத் திங்கிற கை வெளங்குமான்னு கேட்டேன். அவ திரும்பத் திரும்ப அதையே சொல்றா, "பாருங்கக்கா, பாருங்கக்கா"ன்னு. ஜெகா நடுவுல வந்து, "போலீசெல்லாம் வேணாம்க்கா, பாவம், பொழச்சுப் போகட்டும்"னான். என் தம்பிக்கு எவ்வளவு பெரிய மனசுன்னு நெனைச்சேன்.

சும்மா விடல நான். ஏஜென்சிக்கு போன் போட்டுச் சொன்னேன். கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் சொன்னேன், இதே எடத்துல நின்னு. துறையூர்ல அதுக்கப்புறம் அவள ஒரு வீட்டுலயும் கூப்பிடல. ஊருக்கே திரும்பிட்டாள்னு கேள்வி. அவ நம்பரு இன்னும் இந்த போன்ல இருக்கு. 'லூர்து திருடி'ன்னு போட்டு வச்சிருந்தேன். இப்ப வெறும் லூர்துன்னு மாத்திட்டேன். கூப்பிட்டு என்னன்னு பேசுறது சொல்லுங்க? அவளும் கொஞ்சம் முன்னாடியே என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம். நான் என்ன புலியா, கடிச்சா தின்னுருவேன்?

லூர்து போனதுக்கப்புறம் மாத்திரை முழுசும் ஜெகா கையில. எங்க வீட்டுக்காரரு இருபத்து மூணு நாளு இருந்தாரு. அந்த இருபத்து மூணு நாளும் எப்படிப் போச்சுன்னு கேக்காதீங்க. நான் அவர்கிட்ட சொன்ன கடைசிப் பேச்சு என்ன தெரியுமா? "பொறுத்துக்கங்க, பக்கத்து வீட்டுக்குக் கேக்குது"ன்னேன்.

இருங்கண்ணே. தண்ணி குடிச்சுக்கிறேன்.

ஆங், என்னப்பா? மாமியாருக்குத் தூக்கம் வரலையா? போன வாரம் குடுத்தது தீந்துருச்சா? சரி, இந்த ஒரு அட்டை வாங்கிட்டுப் போ. வயசானவங்க, தூங்கட்டும்.

அவரு போயி மூணு மாசம் கழிச்சு, ஒரு நாளு மத்தியானம், இதே மாதிரி கடையில யாரும் இல்ல. கைப்பைக்குள்ள ஏதோ சீட்டுத் தேடினேன். பக்கவாட்டு ஜிப்புக்குள்ள அந்தக் காலண்டர் தாள் பொட்டலம். அன்னிக்குக் கத்துன கத்துல அங்க சொருகியிருக்கேன் போல. தூக்கிப் போடத்தான் பிரிச்சேன். மாத்திரை உள்ளங்கையில விழுந்துச்சு. விழுந்த ஒடனே தெரிஞ்சிருச்சுண்ணே. பாக்கவே வேணாம். நடுவுல கோடு, கொஞ்சம் மாவு மாவா வெரல்ல ஒட்டுது. அப்பவும் மனசு ஒத்துக்கல. நுனி நாக்குல வச்சேன். இனிச்சுச்சு.

நான் எடுத்துக் குடுத்த அதே ஜிங்க் மாத்திரை. அன்னிக்கு லூர்து பாருங்கக்கா பாருங்கக்கான்னாளே, ஒரே ஒரு தடவ கையத் தொறந்து பாத்திருந்தா அந்த மனுசன் கடைசி இருபத்து மூணு நாளும் தூங்கியிருப்பாரு.

கடைய அப்படியே போட்டுட்டு வீட்டுக்குப் போனேன். ஜெகா எங்க வீட்டுக்காரரு படுத்திருந்த கட்டில்லயே படுத்திருந்தான். மாத்திரைய அவன் மூஞ்சிக்கு முன்னாடி நீட்டினேன். ஒரு வார்த்தை மறுக்கல. கால்ல விழுந்துட்டான். "மொதல்ல ஒரு நாளைக்கு ஒண்ணுதான்க்கா எடுத்தேன், மாமா தூங்கிட்டிருந்த வேளைக்கு உள்ளத மட்டும். அப்புறம் என்னால முடியலக்கா"ன்னு அழுதான். தூக்கி வளத்த புள்ள. அவன் ஒரு வேளை சாப்பிடலைன்னா எனக்கு எறங்காது. அவன், சாகக் கெடக்கிற மனுசன் வாயிலேருந்து எடுத்திருக்கான். அதுக்குப் பதிலா என் கடை மாத்திரையவே வச்சிருக்கான். அதுக்கு மேல, பழிய ஒரு ஏழைப் பொம்பள மேல போட்டு, அதுக்கு என் வாயவே உபயோகப்படுத்தியிருக்கான். நான் ஒரு முட்டாளுன்னு அவனுக்கு எவ்வளவு நல்லாத் தெரிஞ்சிருக்கு பாருங்க. அதான் எனக்கு ஆறல. திருடினது கூடப் பெருசில்ல. இவ பாக்க மாட்டான்னு தெரிஞ்சு பண்ணியிருக்கான்ல, அதான் வயிறு எரியுது.

வெட்டி விட்டுருக்கணும். விடலையே நான். தஞ்சாவூர்ல ஒரு மறுவாழ்வு இல்லத்துல சேத்தேன். நாப்பது நாளு. ஊர்ல கேட்டவங்களுக்கு முதுகுக்கு ஆயுர்வேதம்னு சொன்னேன். திரும்பி வந்தான், கடை தொறந்தான், ஒடம்பு தேறுச்சு. ஒரு வருசமா ஒழுங்கா இருக்கான்னுதான் நானும் நெனைச்சேன். எங்க சித்தப்பா ஒருத்தரு இருக்காரு, முசிறியில. அவருதான், "ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிரும், வர்றவ பாத்துக்குவா"ன்னு ஜாதகத்தத் தூக்கிட்டுக் கெளம்பினாரு. வர்றவ பாத்துக்குவாளாம். இருபத்தாறு வருசம் மாத்திரையோட பொழங்குறவளே பாக்கல, உங்க இலக்கியா வந்து எதப் பாக்கும்?

ஆனா உண்மையச் சொல்றேன். நேத்து காலையில வரைக்கும் நானும் நல்லபடியாத்தான் சொல்றதா இருந்தேன். உங்க மாதிரி யாராச்சும் வந்தா, தங்கமான புள்ளைன்னு சொல்லி அனுப்பிரணும்னு கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிக்கூடப் பாத்துக்கிட்டேன்.

நேத்து இதே நேரத்துக்கு அவன் வந்தான். அரைக்கைச் சட்டை போட்டுக்கிட்டு, ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்டுறான். "அக்கா, இன்னிக்கோ நாளைக்கோ பொண்ணு வீட்டு ஆளு வருவாங்களாம், சித்தப்பா சொன்னாரு. நீ ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னாப் போதும்"னான். என் தலையில கை வச்சு, "விட்டு ஒரு வருசம் ஆச்சுக்கா, மாமா மேல சத்தியம்"னான். எனக்கு அழுகையே வந்துருச்சு. நம்பிட்டேன். நம்பத்தானே ஆசை.

அப்புறம் மேல பரண்லேருந்து ஒரு பெட்டிய எறக்கித் தாடான்னு பின்னாடி ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். வேணும்னு கூட்டிட்டுப் போகலண்ணே, பெட்டி நெசமாவே எறக்க வேண்டியிருந்துச்சு. அங்க பல்பு போயி ஒரு வாரமாச்சு. கதவு இடுக்கு வெளிச்சம் மட்டும்தான். இருட்டுக்குப் போனா யாருக்குமே கண்ணு மணி விரியும், கறுப்பு பெருசாகும். இந்தப் போதை மாத்திரை உள்ள போயிருந்தா மட்டும் விரியாது. எவ்வளவு இருட்டுல நின்னாலும் கடுகு மாதிரியே நிக்கும். இது எனக்கு எத்தனையோ வருசமாத் தெரியும். அந்தக் கூட்டத்துல மைக்குல சொல்லியிருக்கேன். ஆனா என் தம்பி கண்ணுல நான் ஒரு நாளும் பாத்ததில்ல. பெட்டியக் கையில வாங்குறப்ப மூஞ்சிக்கு நேரா மூஞ்சி வந்துச்சு. ஒரு சாண் தூரம். சிரிக்கிறான். கண்ணுக்குள்ள ரெண்டு கடுகு.

பெட்டிய வச்சேன். "வேற ஏதாச்சும் எறக்கணுமாக்கா"ன்னு கேட்டான். ஒண்ணுமில்ல, போயி சாப்பிடுன்னேன். போயிட்டான். சத்தியம் பண்ணி பத்து நிமிசம் கூட ஆகல. செத்துப்போன மனுசன் மேல, அவர்கிட்டேருந்து திருடின கையால.

நீங்க ஊருக்குப் போயி என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லி அனுப்புவீங்க. நல்ல மனுசங்க அப்படித்தான் சொல்லுவாங்க, அடுத்த வீட்டு மானம்னு. வேணாம்ணே. அப்படிச் சொன்னீங்கன்னா அடுத்த மாசம் எங்க சித்தப்பா வேற ஊருக்குப் போவாரு. அந்த ஊரு மாமன் இங்க வந்து விசாரிக்காமப் போயிட்டா? இல்ல, அன்னிக்குன்னு பாத்து எனக்கு மனசு எளகிட்டா? என்னைய எனக்குத் தெரியும். எளகிரும். அதனால எம் பேரச் சொல்லியே சொல்லுங்க. கூடப்பொறந்த அக்காளே வேணாம்னுட்டா, இந்த இந்தக் காரணத்துக்குன்னு தெரியச் சொல்லுங்க. சித்தப்பாவுக்கும் போன் போட்டு இதையே சொல்லுங்க. ஊரு காறித் துப்பட்டும். அவனுக்கு என்னைய விட்டா ஆளு கெடையாது, எனக்கும் அவன விட்டா ஆளு கெடையாது. இருந்தாலும் சொல்லுங்க.

திரும்பாதீங்க. திரும்பாம அப்படியே இருங்க. ரோட்டத் தாண்டி வர்றான். நீங்க உக்காந்திருக்கிறத அவன் கடையிலேருந்து பாத்திருக்கான் போல. கையில டீ கிளாஸ், மூணு. உங்களுக்கும் சேத்து வாங்கிட்டு வர்றான். எவ்வளவு அடக்கமா வர்றான் பாருங்க, மாப்பிள்ளைக் களையோட. நீங்க பயப்படாதீங்க, கை நீட்ட மாட்டான். அழுவான். அழுதா பாக்கச் சங்கடமாத்தான் இருக்கும், அதுக்காக எந்திரிச்சுப் போயிராதீங்க. நீங்க இருந்தாத்தான் எனக்கு வாய் வரும்.

வாடா ஜெகா. இவங்கதான் பெரம்பலூர்லேருந்து வந்திருக்காங்க, பொண்ணோட மாமா. டீய அங்க வையி. வச்சுட்டு உக்காரு. எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா.